மூன்று கணிப்பொறிகளும் ஒரு சொற்பட்டியலும்

பத்தாம் வகுப்பு மாணவியர்

தாம்பரம் இரயில் நிலையத்தில் இன்று நின்று பார்க்கும் நமக்குத் தண்டவாளம் என்றால் ஒரே அகலந்தான். எங்கள் பாட்டிமார்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார இரயில் மீட்டர் பாதையில் ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர். சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் வண்டிகளோ 1.676 மீட்டர் அகலப் பாதையில் ஓடின. அந்தக் காலத்தில் டில்லியிலிருந்து மதுரைக்குப் போகிறவர் சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்குப் போய் வேறு வண்டி ஏற வேண்டும். இரண்டும் இரயில்தான். இரண்டுக்கும் இஞ்சின் உண்டு, கார்டு உண்டு, பச்சைக்கொடி உண்டு. ஆனால் ஒன்றின் பெட்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடாது. நம் புறநகர்ப் பாதையில் மீட்டர் பாதை வண்டி ஓடி ஓய்ந்தது 2004ஆம் ஆண்டில்தான்.

கணிப்பொறிக் கட்டுரையில் இரயில் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த ஒரு சிறு வேலையில், நாங்களும் சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு ஓட வேண்டியதாயிற்று. அதைத்தான் சொல்ல வந்தோம்.

எங்களுக்கு ஆறாம் வகுப்பு முதல் தமிழ் கற்பித்த சிஸ்டர் இவ்வாண்டு மாற்றலாகிச் செல்கிறார் என்று தெரிந்ததும் வகுப்பே களையிழந்துவிட்டது. சிஸ்டரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. பிள்ளைகள் வாயிலும், அவர்களை அழைத்துப் போக வரும் ஆயாமார் வாயிலும் கேட்ட சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி அதில் போட்டு வைப்பார். அப்படி 1,100க்கு மேல் சேர்ந்திருந்தன. அவற்றை அகரவரிசைப்படுத்தி, சிறு நூலாக அச்சிட்டு, வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழாவில் சிஸ்டர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். சிஸ்டரிடம் சொல்லவில்லை. "கண்காட்சிக்கு வேண்டும்" என்று டின்னை வாங்கிக்கொண்டோம். (அது பொய்தான். பிறகு சொல்லிவிட்டோம்.)

அட்டைகளைத் தட்டச்சு செய்து முடித்தபோதுதான் முதல் வியப்பு. கணிப்பொறியை வரிசைப்படுத்தச் சொன்னால் அது அனல், அறம், அழகு, அவல் என்று வரிசைப்படுத்தித் தந்தது. நாம் படித்த நெடுங்கணக்கின்படி அவல், அழகு, அறம், அனல் என்றல்லவா வர வேண்டும்! தலைகீழாக நிற்கிறது. காரணம் இதுதான். கணிப்பொறிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். யுனிகோடு என்ற உலகப் பட்டியலில் தமிழுக்கு எண் கொடுத்தபோது, 'இஸ்கி' என்ற இந்தியத் தர அமைப்பைப் பின்பற்றினார்கள். அதில் இந்திய மொழிகள் பலவற்றின் எழுத்துக்களும் தேவநாகரிக்கு நேர் நேராக நிறுத்தப்பட்டிருந்தன. ஆகவே 'ன' என்பது 'ந'வுக்குப் பக்கத்திலும், 'ற' என்பது 'ர'வுக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டன. வெறும் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் தமிழ் வரிசை வராது. தமிழ் வரிசை தெரிந்த கணிப்பொறிகளும் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றுபோல் செய்வதில்லை. எனவே நெடுங்கணக்கு வரிசையை நாங்களே ஓர் அட்டவணையாக எழுதி, 'சி' மொழியில் சிறு நிரல் ஒன்றை உருவாக்கினோம். அது நன்றாகவே வேலை செய்தது. வரிசை அல்ல எங்களை அழ வைத்தது. அதைக் கட்டி எழுப்பும் கருவிதான்.

அந்தக் கருவியின் பெயர் மேக். ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் தமிழில் எழுதினால் 'மேக்' என்றுதான் வரும். குழம்பாமலிருக்க இக்கட்டுரையில் மேக் என்றால் கருவி, ஆப்பிள் என்றால் கணிப்பொறி என்று வைத்துக்கொள்வோம்.

மேக் என்ன செய்கிறது? விடுதிச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லி வேண்டுமென்றால் மாவு வேண்டும். மாவு வேண்டுமென்றால் ஊறிய அரிசியும் உளுந்தும் வேண்டும். சட்னிக்குத் தேங்காய் வேண்டும். சட்னியில் உப்பு கூடிவிட்டால் சட்னியை மட்டும் மறுபடி அரைப்போமே தவிர, அரிசியை மீண்டும் ஊறப்போட மாட்டோம். எது எதை நம்பியிருக்கிறது, அதை எப்படிச் செய்வது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், மேக் அதைப் படித்து, எந்தக் கோப்பு எதற்குப் பின்னால் மாற்றப்பட்டது என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானதை மட்டும் செய்யும். நிரல் மாறியிருந்தால் நிரலை மீண்டும் கம்பைல் செய்யும். சொற்பட்டியல் மட்டும் மாறியிருந்தால் பட்டியலை மட்டும் வரிசைப்படுத்தும்.

இதை 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் எழுதினார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கோபமாக அவர் அறைக்குள் நுழைந்தாராம். நிரலில் இருந்த பிழையை ஜான்சன் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மறந்துவிட்டார். சரியாக இருக்கும் நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது வீணாயிற்று. ஃபெல்ட்மனும் முந்தின மாலை அதே தொல்லையில்தான் மாட்டியிருந்தார். அதிலிருந்து பிறந்தது மேக். இந்தப் பணிக்காக ஏ.சி.எம். என்ற கணிப்பொறிச் சங்கம் 2003ஆம் ஆண்டுக்கான விருதை அவருக்கு அளித்தது.

ஆனால் அவர் ஒரு சிறு தவறும் செய்தார். செய்முறை வரிகள் ஒவ்வொன்றும் 'டேப்' குறியோடுதான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார். வெறும் இடைவெளி விட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும்! இது சரியில்லை என்று அவருக்கே சில வாரங்களில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்கள் வேலை கெட்டுவிடுமே என்று மாற்றாமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகம் முழுவதும் இன்றும் டேப் தட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் முதல் தொல்லையும் அதுவே.

முதலில் நாங்கள் வேலை செய்தது எங்களில் ஒருத்தியின் அக்காவினுடைய மடிக்கணிப்பொறியில். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது பெற்றது. அதில் 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. பின்னர் அக்காவே அதன் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டார். பாஸ் நம் ஊர்ப் பிள்ளை என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். 2005ஆம் ஆண்டு மைய அரசு, கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தைச் சென்னையில் ஏற்படுத்தியது. அதை நடத்தியவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று சென்னை சி-டாக். மற்றொன்று குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம். அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு நடைதான்! அம்முயற்சியில் சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்டதே பாஸ். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடம் தந்து அமைத்தார்கள்.

நூலை அச்சிடத் தருவதாகச் சொன்னவர் இன்னொரு தோழியின் அப்பா. அவர் அச்சகத்தில் பக்க அமைப்புக்கு ஆப்பிள் வைத்திருக்கிறார். கடைசி நேரத்தில் சொற்களைத் திருத்தினால் அங்கேயே வரிசைப்படுத்த வேண்டுமே என்று நிரலையும் மேக் கோப்பையும் செவ்வாய்க்கிழமை கொண்டு போனோம். கொண்டு போனோம் என்றால் கைப்பேசியில் செய்தியாக அனுப்பி, அங்கே எடுத்து ஒட்டினோம். ஓட்டினால், "பிரிக்கும் குறி இல்லை" என்று சொல்லி நின்றுவிட்டது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு வேறுபாடும் இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது: வழியில் எங்கள் டேப்களெல்லாம் இடைவெளிகளாக மாறிவிட்டிருந்தன. ஃபெல்ட்மனின் பன்னிரண்டு நண்பர்களை அன்று நாங்கள் வாழ்த்தவில்லை.

டேப்களைச் சரிசெய்ததும் அடுத்த பிழை. எங்கள் செய்முறையில் 'ஸெட்' என்ற கட்டளை ஒன்று இருந்தது. சொற்களின் பின்னால் தவறுதலாக விழுந்த இடைவெளிகளை நீக்கி, அதே கோப்பில் திரும்ப எழுதிவிடும். "அதே கோப்பில் எழுது" என்பதற்கு 'ஐ' என்ற ஓரெழுத்துக் குறிப்பு உண்டு. பாஸில் அது தனியாக நின்றால் போதும். ஆப்பிளிலோ, 'ஐ'க்கு அடுத்து வரும் சொல்லைப் பழைய கோப்பைச் சேமிக்க வேண்டிய பெயரின் வால் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே எங்கள் திருத்தக் கட்டளையை வால் என்றும், 'பட்டியல்' என்று ஆங்கில எழுத்தில் நாங்கள் பெயரிட்ட கோப்பைக் கட்டளை என்றும் எண்ணிக்கொண்டது. 'பி' என்று ஒரு கட்டளை ஸெட்டுக்கு உண்மையிலேயே உண்டு. "பி கட்டளையின் முடிவில் வேண்டாத எழுத்துக்கள் இருக்கின்றன" என்று குறை சொன்னது. நாங்கள் 'பி' கட்டளையே எழுதவில்லையே என்று எங்கள் கோப்பை நாலு முறை தேடினோம்.

இரண்டும் ஸெட்தான். பின் ஏன் இந்த வேற்றுமை? இதற்குக் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1970களில் அதைப் பெற்றுத் தம் பங்குக்கு வளர்த்தார்கள். அந்தக் கிளைக்குப் பி.எஸ்.டி. என்று பெயர். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் தடையின்றிப் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய ஒரு முழு அமைப்பைப் புதிதாகவே எழுதப் போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. 'க்னூ யூனிக்ஸ் அன்று' என்பதன் சுருக்கம் அது. அந்த விளக்கத்திற்குள்ளேயே க்னூ மறுபடி வருவதைப் பாருங்கள்! 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் க்னூ கருவிகளும் சேர்ந்து இன்றைய லினக்ஸ் ஆயின. ஆகவே பாஸில் இருப்பது க்னூ ஸெட், க்னூ மேக். ஆப்பிளின் ஸெட் பி.எஸ்.டி. வீட்டிலிருந்து வந்தது, அதன் மேக்கோ க்னூ வீட்டுப் பெண். ஆனால் நாங்கள் பார்த்த ஆப்பிளில் இருந்தது 2006ஆம் ஆண்டின் 3.81 பதிப்பு. பின்னால் வந்த பதிப்புகளின் உரிம விதி மாறியதால் ஆப்பிள் அதற்கு மேல் போகவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

அன்று மாலையே சாமர்த்தியமாக ஒரு வழி செய்தோம். "இது லினக்ஸ் என்றால் ஸெட்டை இப்படி எழுது, இல்லையென்றால் அப்படி எழுது" என்று மேக் கோப்பில் ஒரு நிபந்தனை வைத்தோம். பாஸிலும் ஓடியது. ஆப்பிளிலும் ஓடியது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினோம்.

புதன்கிழமை அக்காவின் வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கி, மடிக்கணிப்பொறியின் சார்ஜர் போய்விட்டது. அச்சகத்திலோ முகூர்த்த நாள் நெருங்கித் திருமணப் பத்திரிகைகள் குவிந்திருந்தன. வியாழன் மாலைக்கு முன் ஆப்பிளைத் தொட முடியாது. இன்னும் 60 அட்டைகள் திருத்த வேண்டியிருந்தன. அப்போது நான்காமவள், "எங்கள் அண்ணனிடம் ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது" என்றாள். அண்ணன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். போய்ப் பார்த்தால் அதில் இருந்தது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. ஃப்ரீ பி.எஸ்.டி.!

எங்கள் சாமர்த்தியம் முதல் வரியிலேயே உடைந்தது. நாங்கள் நிபந்தனை எழுதிய முறை க்னூ மேக்குக்கு மட்டும் உரியது. பி.எஸ்.டி. மேக்கில் நிபந்தனை என்றால் முன்னால் ஒரு புள்ளி வைத்துத் தொடங்க வேண்டும். எழுதும் முறையே வேறு. ஒருவர் வீட்டு முறை மற்றவருக்குப் புரியவே புரியாது. இரண்டு ஸெட்டுகளின் சண்டையைத் தீர்க்க நாங்கள் கொண்டு வந்த நடுவர், தாமே ஒரு கட்சிக்காரர் என்று தெரிந்தது.

அண்ணன் சிரித்தார். "எதற்கு நிபந்தனை? ஸெட் தரும் விடையை வேறொரு கோப்பில் எழுதி, பிறகு பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அது எங்கேயும் ஓடும்," என்றார். அப்படியே செய்தோம், இரண்டு வரி. நிபந்தனை முழுவதையும் அழித்தோம். எங்களில் ஒருத்திக்கு அதை அழிக்க மனமே வரவில்லை. இரவு முழுவதும் படித்து எழுதியவள் அவள்.

அடுத்து, "கம்பைல் செய்யக் கோப்பே கொடுக்கவில்லை" என்று வந்தது. கோப்பின் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதாமல், டாலர் குறியையும் 'சிறியது' என்னும் கணக்குக் குறியையும் சேர்த்துப் போட்டால் முதல் மூலப்பொருள் என்று பொருள் கொள்ளும் ஒரு சுருக்கெழுத்து உண்டு. க்னூ மேக் அதை எல்லா விதிகளிலும் ஏற்கும். பி.எஸ்.டி. மேக், பொதுவாக எழுதும் ஒரு வகை விதியில் மட்டுமே அதற்குப் பொருள் தரும். மற்ற இடங்களில் வெற்றிடம். உண்மையில் தர நூலின்படி பி.எஸ்.டி.தான் சரி. க்னூ தாராளமாக இருந்து எங்களைக் கெடுத்து வைத்திருந்தது. சுருக்கெழுத்தை எடுத்துவிட்டுக் கோப்பின் பெயரையே எழுதினோம்.

இப்போது பிழையே வரவில்லை. பட்டியல் அழகாக வந்தது. மகிழ்ச்சியில் வடை வாங்கி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருத்தி முதல் பக்கத்தைக் காட்டி, "ஆண்டு எங்கே?" என்றாள். நூலின் பெயர் இருந்தது, பள்ளியின் பெயர் இருந்தது, 'ஆண்டு' என்ற சொல்லும் இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆண்டைக் கணிப்பொறியின் நாட்காட்டியிலிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தோம். அதுவும் க்னூ முறையில். பி.எஸ்.டி. மேக் அதை ஏதோ ஒரு பெயர் என்று நினைத்து, அந்தப் பெயருக்கு மதிப்பு எதுவும் இல்லாததால், வெற்றிடத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டது.

எங்களைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. சத்தம் போட்டு நிற்கும் பிழையால் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். பேசாமல் போகும் பிழை அச்சேறிவிடும்.

பி.எஸ்.டி.யில் இதே வேலைக்கு ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்த்துப் போடும் வழி ஒன்று உண்டு. 2013இல் வந்த க்னூ மேக் 4.0 பதிப்பிலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். "இரண்டு வீட்டிலும் செல்லும் நாணயம்" என்று மகிழ்ந்து அதை எழுதினோம். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் ஆண்டு வந்தது. அக்காவுக்கு வேறு சார்ஜர் கிடைத்ததும் பாஸிலும் பார்த்தோம், வந்தது. வியாழன் மாலை அச்சகத்துக்குப் போனோம். ஆப்பிளில் ஓட்டினோம். ஆண்டு இல்லை! அங்கிருப்பது 2006இன் மேக் அல்லவா? அதற்கு 2013இன் வழி எப்படித் தெரியும்? ஆச்சரியக்குறியையும் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் பேசாமல் போய்விட்டது. தோழியின் அப்பா கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, ஆண்டை நீங்களே கையால் எழுதிவிடக் கூடாதா?" என்றார். கூடும்தான். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு ரோசம் வந்துவிட்டது.

இங்கேதான் அண்ணனுடன் ஏற்பட்ட வாதத்தைச் சொல்ல வேண்டும். அவர் கருத்து, "இவ்வளவு கஷ்டம் வேண்டாம். ஃப்ரீ பி.எஸ்.டி.யிலும் க்னூ மேக்கை நிறுவிக்கொள்ளலாம். அங்கே அதற்கு ஜி-மேக் என்று பெயர். எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்பது. பெரிய வேலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். லினக்ஸ் கருவையே க்னூ மேக் இல்லாமல் கட்ட முடியாது. அதில் குற்றமும் இல்லை. வேறு சிலர் ஆட்டோகான்ஃப் போன்ற கருவியை நாடுகிறார்கள். 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய அது, ஒவ்வொரு கணிப்பொறியிலும் முதலில் "இது உண்டா, அது உண்டா" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மேக் கோப்பை எழுதித் தரும். எங்கள் நாற்பது வரிக் கோப்புக்கு அது எறும்பைப் பிடிக்க யானையை அழைப்பது போல இருக்கும். அச்சகத்துக் கணிப்பொறியில் புதிதாக எதையும் நிறுவவும் எங்களுக்கு உரிமையில்லை. எனவே எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் வைத்து எழுதுவது என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

பொதுவானது எது என்று சொல்லும் ஏடு ஒன்று உண்டு. அதன் பெயர் போசிக்ஸ். பெயர் வைத்தவர் ஸ்டால்மன். யூனிக்ஸ் வீடுகள் பிரிந்துகொண்டே போனதைக் கண்டு, 1988இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு முதல் பகுதியை வெளியிட்டது. ஷெல், மேக், ஸெட் முதலிய கருவிகளுக்கான விதிகள் 1992இல் வந்தன. அந்த விதிகளில் ஸெட்டுக்கு 'ஐ' குறிப்பே கிடையாது என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவரவர் வீட்டில் பிற்பாடு சேர்த்துக்கொண்டதால்தான் ஆளுக்கொரு விதம். ஆச்சரியக்குறி வழியைப் போசிக்ஸ் ஏற்றுக்கொண்டது 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். தரம் என்பது முன்னால் நடந்து வழி காட்டுவதில்லை போலும். எல்லாரும் நடந்து முடித்த பாதைக்குப் பின்னால் வந்து கல் நடுகிறது.

விடை மிக அருகில் இருந்தது. மேக்கின் விதிகள்தாம் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. டேப்புக்குப் பின்னால் வரும் செய்முறை வரியை மேக் தானே ஓட்டுவதில்லை. ஷெல்லிடம் கொடுத்துவிடுகிறது. எளிய கட்டளைகளில் மூன்று ஷெல்களும் ஒத்துப்போகின்றன. ஆகவே ஆண்டைக் கேட்கும் வேலையை மேக்கிடமிருந்து பறித்து, செய்முறை வரிக்குள்ளேயே, பின்புறம் சாய்ந்த ஒற்றை மேற்கோளுக்குள் தேதிக் கட்டளையை வைத்தோம். ஷெல் அதை ஓட்டி விடையை அங்கேயே பதிக்கும். கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்துப் போசிக்ஸ் என்றும் எழுதினோம். "பொது விதிப்படி நட" என்று மேக்குக்குச் சொல்லும் வரி அது. ஆப்பிளில் ஆண்டு வந்தது. அங்கிருந்தே கைப்பேசியில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அனுப்பினோம். இம்முறை ஒட்டும் செய்தியாக அல்ல, கோப்பாகவே. பத்து நிமிடத்தில் இருவரிடமிருந்தும் "வந்துவிட்டது" என்று பதில் வந்தது. நாற்பது வரி இருந்த மேக் கோப்பு அப்போது பத்தொன்பது வரியாகியிருந்தது. இரவு எட்டரை மணிக்கு அச்சு தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் நூலைக் கையில் வாங்கியதும் முன்னுரையைப் படிக்கவில்லை. எங்களைப் பாராட்டவும் இல்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடுப்பக்கத்தைப் புரட்டினார். அவல், அழகு, அறம், அனல் இருந்த பக்கத்தில் விரலை ஓட்டித் தலையசைத்தார். அப்புறம் 'ச' வரிசைக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார். மேடையிலேயே பென்சிலை எடுத்து, 'ஜன்னல்', 'ஜமுக்காளம்' என்ற சொற்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஜகரம் கடைசியில் அல்லவா வர வேண்டும்? சகரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறது?" என்றார்.

யுனிகோட்டின் வரிசையைத் திருத்தப் புறப்பட்ட நாங்கள், 'ஜ'வை மட்டும் அது வைத்த இடத்திலேயே விட்டுவிட்டிருந்தோம். 'ன'வையும் 'ற'வையும் தேடித் தேடி மாற்றியவர்களுக்கு 'ஜ' கண்ணில் படவில்லை. அன்று மாலை அட்டவணையில் அந்த ஓர் எழுத்தை இடம் மாற்றி, மூன்று கணிப்பொறிகளிலும் மேக் என்று தட்டினோம். மூன்றும் நிரலை மட்டும் மீண்டும் கம்பைல் செய்து, பட்டியலை ஒரு முறை வரிசைப்படுத்தி, சொற்கோப்பைத் தொடாமல் விட்டன. ஜன்னலும் ஜமுக்காளமும் 'வ' வரிசையைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போயின. திருத்திய படியைத் தனியே ஒன்று அச்சிட்டு, பிஸ்கட் டின்னோடு சேர்த்துச் சிஸ்டரின் புதிய முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம்.